ஒரே சரக்கு, இரண்டு பில்

மேல்நாட்டு ராக் இசை கேட்கிற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவரிடம் 'வில்கோ' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கதை சொல்வார். கதை இதுதான்.

சிகாகோ நகரத்து ஆல்டர்நேட்டிவ் ராக் குழு. 1994-ல் ஆரம்பித்தது. தலைவர் ஜெஃப் ட்வீடி. 2001-ல் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்றொரு ஆல்பத்தை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ரிப்ரைஸ் என்கிற ரெக்கார்டு கம்பெனி கேட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குழு அசரவில்லை. செப்டம்பர் 18, 2001 அன்று மொத்த ஆல்பத்தையும் தங்கள் இணையதளத்தில் ஓடவிட்டு, 'இலவசமாகவே கேளுங்கள்' என்றது. ஊர் உலகம் கேட்டது. நன்சச் என்கிற இன்னொரு கம்பெனி வந்து வாங்கியது. ஏப்ரல் 2002-ல் கடைக்கு வந்தபோது முதல் வாரத்திலேயே 55 ஆயிரம் சொச்சம் விற்று, அமெரிக்கப் பட்டியலில் 13-வது இடம். கலை வென்றது, காசு தோற்றது. சுபம்.

நண்பர் இத்தோடு விடமாட்டார். கூடவே துணுக்குகள் வரும். ஆல்பத்தின் பெயர், உளவாளிகளுக்குச் சேதி சொல்வதாக நம்பப்படும் சிற்றலை வானொலி ஒன்றில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்ன மூன்று சங்கேத வார்த்தைகள். அட்டையில் இருப்பது சிகாகோவின் மரீனா சிட்டி இரட்டைக் கோபுரங்கள். உள்ளூர்க்காரர்கள் சோளக்கதிர் என்று கிண்டல் செய்வார்கள். ஆல்பம் முதலில் வெளியாக இருந்த தேதி என்ன தெரியுமோ? செப்டம்பர் 11, 2001. 'இரட்டைக் கோபுரம் சார், அதே தேதி சார்!' என்று சிலிர்த்துக் காட்டுவார்.

துணுக்குகள் எனக்கும் பிடிக்கும். பத்திரிகைக்காரனுக்குத் துணுக்கு பிடிக்காமல் இருக்குமா? ஆனால் அந்தச் 'சுபம்' இருக்கிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வீரக் கதையைக் கேட்டாலும் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றும். வில்கோ கதையைப் பேரேட்டில் ஏற்றிப் பாருங்கள், வேறு கதை வரும்.

முதல் பதிவு. வேண்டாம் என்ற ரிப்ரைஸ் யாருடையது? ஏ.ஓ.எல். டைம் வார்னர் குழுமத்துடையது. வாரி அணைத்துக்கொண்ட நன்சச் யாருடையது? அதே ஏ.ஓ.எல். டைம் வார்னர் குழுமத்துடையது! ரெக்கார்டிங்குக்கு ஒரு முறை பணம் கொடுத்து, சரக்கைத் தூக்கிப் போட்டு, அதே சரக்கை மறுபடி பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இடது கை வீசியெறிந்ததை வலது கை விலைக்கு வாங்கியது. ரசிகர்கள் கைதட்டி, 'பார்த்தாயா, முதலாளி மூக்குடைந்தான்' என்கிறார்கள். மூக்கே உடையவில்லை ஐயா. விற்ற ஒவ்வொரு பிரதியிலும் லாபம் பார்த்தது அதே முதலாளிதான்.

இரண்டு முறை செலவு செய்தார்களே, அது நஷ்டமில்லையா என்பீர்கள். அந்தக் குழுமம் 2002-ல் மட்டும் காட்டிய நஷ்டம் சுமார் 98.7 பில்லியன் டாலர். பத்தாயிரம் கோடி டாலருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அமெரிக்கக் கம்பெனி எதுவும் அதுவரை ஒரே வருடத்தில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை. அந்தக் கணக்கில் வில்கோவின் ரெக்கார்டிங் செலவு டீச் செலவுக்குக்கூட வராது.

சரி, ஏன் வேண்டாம் என்றார்கள்? இசை புரியாத மூடர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுவாரஸ்யமாக இருக்கும். நடந்தது அதைவிடச் சாதாரணமானது. ஏ.ஓ.எல்.லும் டைம் வார்னரும் 2001 ஜனவரியில் ஒன்றாகின. இணைப்பு என்றால் ஆள் குறைப்பு. ரிப்ரைஸின் தலைவராக இருந்த ஹோவி க்ளைன், வில்கோ மாதிரி குழுக்களுக்குப் பொறுமையாக இடம் கொடுத்தவர். அந்த வருடமே அவர் வெளியேறினார். நாற்காலிகள் மாறிக்கொண்டிருக்கும் ஆபீஸில், 'இது கொஞ்சம் மெதுவாகத்தான் விற்கும், ஆனால் நிற்கும்' என்று கையெழுத்துப் போட யார் துணிவார்கள்? ஆல்பம் தோற்றது ரசனையில் அல்ல, ஆபீஸ் அரசியலில்.

இதில் ஒரு துணுக்கு, நண்பர் சொல்ல மறந்தது. ரிப்ரைஸை 1960-ல் தொடங்கியவர் ஒரு பாடகர். ஃபிராங்க் சினாட்ரா. பாடுகிறவனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்றுதான் தொடங்கினார். மூன்றே வருடத்தில் அது வார்னரிடம் போனது. பாடகனின் சுதந்திரத்துக்காகப் பிறந்த கம்பெனி, நாற்பது வருடம் கழித்து ஒரு பாடகனைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. எண்ணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பங்கு யார் கையில் என்பதுதான் கடைசியில் பேசும்.

இரண்டாவது பதிவு, கடன். ரெக்கார்டு கம்பெனி கொடுக்கும் அட்வான்ஸை நாம் சம்பளம் என்று நினைத்துக்கொள்கிறோம். அல்ல. அது கடன். ஸ்டூடியோ வாடகை, வீடியோ செலவு என்று பலவற்றையும் குழுவின் கணக்கில் பற்று எழுதி, குழுவுக்கு வரவேண்டிய சின்னப் பங்கிலிருந்து மட்டும் கழிப்பார்கள். கம்பெனியின் பெரிய பங்கு தனியாகப் போய்க்கொண்டே இருக்கும். கடன் தீர்ந்த பிறகாவது மூல ஒலிநாடா குழுவுக்கு வருமா? வழக்கமான ஒப்பந்தத்தில் வராது. இருபது வருடம் வீட்டுக் கடன் கட்டி முடிக்கிறீர்கள், பாங்க் மேனேஜர் சிரித்தபடி, 'ரொம்ப சந்தோஷம், வீடு எங்களுடையது' என்கிறார். கட்டுவீர்களா?

ஸ்டீவ் ஆல்பினி என்றொரு ஒலிப்பதிவுக்காரர் இருந்தார். 2024-ல் காலமானார். 'நிர்வாணா' குழுவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தைப் பதிவு செய்தவர். அதற்குக் கூலி மட்டும் போதும், ராயல்டி வேண்டாம் என்று மறுத்த ஆசாமி. இசையமைத்தவன் சொத்தில் ஒலிப்பதிவு செய்தவனுக்கு என்ன பங்கு என்பது அவர் கட்சி. 1993-ல் 'பாஃப்ளர்' என்ற பத்திரிகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நான்கு பேர் கொண்ட ஒரு குழு. இரண்டரை லட்சம் பிரதிகள் விற்கிறது. நல்ல விற்பனை. எல்லாம் கழித்தபின் கம்பெனிக்கு 7,10,000 டாலர். குழுவில் ஆளுக்கு? 4,031 டாலர். அதற்கு மேல் ராயல்டி கணக்கில் குழு கம்பெனிக்கு இன்னும் 14 ஆயிரம் டாலர் பாக்கி! கற்பனைக் குழுதான். ஆனால் அந்தப் பேரேட்டைப் படித்த நிஜக் குழுக்கள் சிரிக்கவில்லை.

மூன்றாவது பதிவுக்கு வருகிறேன். 'சுபம்' என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. பெயர், ஜே பென்னட்.

வில்கோவில் கிடார், கீபோர்டு, ஒலிப்பதிவு என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர் பென்னட். அந்தப் பிரபல ஆல்பத்தின் பல பாடல்களில் ட்வீடியோடு சேர்ந்து எழுதியவர் என்று அவர் பெயர் இருக்கிறது. அதே சமயம் குழுவுக்குள் வில்லங்கமும் முற்றியது. 2001 தொடக்கத்திலேயே டிரம்மர் கென் கூமர் மாற்றப்பட்டார். ஆகஸ்டில் பென்னட்டும் வெளியே. இதையெல்லாம் சாம் ஜோன்ஸ் என்பவர் கேமராவோடு கூடவே இருந்து படம் பிடித்தார். 2002-ல் வெளியான அந்த ஆவணப்படத்தில் ஒரு காட்சி: பாட்டு எப்படித் தொடங்க வேண்டும் என்று பென்னட்டும் ட்வீடியும் விடாமல் வாக்குவாதம் செய்கிறார்கள். பிறகு தலைவலி தாங்காமல் ட்வீடி வாந்தி எடுக்கிறார். ரசிகர்களுக்கு இதுவும் ஒரு துணுக்கு. 'பென்னட் கொஞ்சம் தொல்லை பிடித்த ஆள் போல' என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த துணுக்குக்குப் போய்விட்டார்கள்.

பென்னட் என்ன ஆனார்? 2009 ஏப்ரலில், தனக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது, போதிய மருத்துவக் காப்பீடு இல்லை என்று எழுதினார். மே மாதத் தொடக்கத்தில், தனக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று சொல்லி ட்வீடி மேல் வழக்குப் போட்டார். அந்த மாதம் 24-ம் தேதி இல்லினாயில் உள்ள அர்பானா நகரத்தில் தூக்கத்திலேயே இறந்தார். ஃபென்டனில் என்னும் வலி நிவாரணி அளவு மீறியதால் நேர்ந்த விபத்து என்றது பிரேதப் பரிசோதனை. வயது 45.

அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ட்வீடி கொடுமைக்காரர் என்றும் சொல்லவில்லை. அவரே தலைவலியோடும் வலி மாத்திரைப் பழக்கத்தோடும் போராடி, 2004-ல் சிகிச்சைக்குப் போய் மீண்டவர். நான் சொல்வது வேறு. இரண்டு தடவை பணம் கொடுத்து வாங்குமளவுக்கு மதிப்புள்ள ஒரு சரக்கைச் செய்த கைகளில் ஒரு ஜோடிக்கு, எட்டு வருடம் கழித்து இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு வழியில்லை. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலை தரும் கம்பெனி மூலம்தான் வரும். பாடுகிறவன் யாருக்கும் ஊழியன் அல்ல, கடனாளி. கடனாளிக்கு யார் இன்ஷூரன்ஸ் கட்டுவார்கள்?

'குழுக்களே யோக்கியமா?' என்று கேட்டால், நல்ல கேள்வி. வில்கோ அந்தப் பெண் குரலை எங்கிருந்து எடுத்தது? இர்டியல் என்ற சின்ன நிறுவனம் சிற்றலைப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்ட தொகுப்பிலிருந்து, அனுமதி கேட்காமல். வழக்கு வந்தது, பணம் கொடுத்துச் சமாதானம் ஆனது. பெரிய மீன் விழுங்குவதைப் பற்றிப் புகார் சொல்லும் மீனும், போகிற வழியில் ஒரு சின்ன மீனை விழுங்கத்தான் செய்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆர்.ஈ.எம். குழு என்ன செய்தது? யார் எந்த வரியை எழுதினார்கள் என்ற பேச்சே வேண்டாம் என்று, நான்கு பேர் பெயரையும் எல்லாப் பாடல்களிலும் சமமாகப் போட்டது. அதன் டிரம்மர் பில் பெர்ரி 1995-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே மூளை ரத்தக்குழாய் வெடித்துச் சரிந்தார். பிழைத்தார். 1997-ல் விலகி விவசாயம் பார்க்கப் போனார். டிரம் வாசித்தவர்தானே என்று யாரும் அவரைக் கணக்கிலிருந்து அழிக்க முடியாது. பாடல்களில் அவர் பெயர் இருக்கிறது, பங்கும் இருக்கிறது. இது பெருந்தன்மை மட்டுமல்ல, நல்ல கணக்கு.

வில்கோவும் கற்றுக்கொண்டது. 2011-ல் சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கியது. என்னைக் கேட்டால் அவர்கள் வென்ற வருடம் 2002 அல்ல, அதுதான். ஆனால் அதைப் பற்றி எந்த நண்பரும் சிலிர்த்துச் சொல்வதில்லை. கம்பெனி பதிவு செய்து பங்கு பிரித்துக்கொள்வதில் என்ன துணுக்கு கிடைக்கும்? பழைய ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்புக்கு 2023-ல் கிராமி விருது வந்தது. பென்னட் போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

ஆகவே வாசகரே, துணுக்குகளைத் தாராளமாகப் படியுங்கள். கோபுரம், சங்கேதக் குரல், வாந்தி எல்லாவற்றையும் ரசியுங்கள். ஆனால் 'திரைக்குப் பின்னால்' என்று யாராவது ஒரு குழுவின் கதையை ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேட்டு வையுங்கள். மூல நாடா யாருடையது? பாட்டில் யார் யார் பெயர், பங்கு எவ்வளவு? அவர்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வராதவரை, 'கலை வென்றது' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.