தறியை விட்டு எப்படி எழுவான்?

காஞ்சி தந்த அண்ணாவைப் பறித்தது உணவுக்குழாய்ப் புற்று. 1968-ல் நியூயார்க் சென்று அறுவைச் சிகிச்சை பெற்று வந்தார்; 1969 பிப்ரவரி 3-ல் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையிலே நிற்கிறது. அதே ஊர்த் தறிக்காரரிடம் இன்று ஈரல் புற்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

வயிற்றைக் கிழித்தால்தான் தீரும் என்ற காலம் மலையேறிவிட்டது. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையாலோ மைக்ரோ அலையாலோ சுட்டுவிடுகிறார்கள். சற்றுப் பெரிதானால், தொடை இடுக்கிலிருந்து நாடி வழியே மெல்லிய குழாயை ஈரல் வரை நுழைத்து, கட்டிக்கு இரத்தம் ஊட்டும் நாடியிலேயே மருந்தை விட்டு அடைக்கிறார்கள். அறுவையும் மாற்று ஈரலும் வேண்டியவர்கள் இன்றும் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் சின்னக் கட்டி வலிக்காது, தோழர்களே! வலி கண்டு ஓடிவருகிறவனுக்கு ஊசியின் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். ஆகவேதான், ஈரல் சுருங்கியவர்களும், ஹெபடைடிஸ் பி கிருமி நெடுநாள் தங்கி ஆபத்து மிகுந்தவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கவேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

"குடிகாரன் நோய்" என்று ஏளனம் பேசுகிறார்கள் சிலர். குடி ஈரலைக் கெடுக்கும், உண்மை. ஆனால் பிறக்கும்போதே தாயிடமிருந்து கிருமி ஒட்டிக்கொண்டதே, அந்தப் பிள்ளை எந்தக் கடையில் குடித்தது? அதைத் தடுக்கும் ஊசி 2011-ல்தான் நாடெங்கும் குழந்தைகளுக்கு வந்தது. இன்று தறியில் அமர்ந்திருப்போர் அதற்கு முன்பே பிறந்தவர்கள்!

சரி, ஸ்கேனுக்குப் போவது எப்படி? கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் இருவர் கையும் நிற்கிறது. மாதச் சம்பளமா வருகிறது? சேலை இறங்கினால்தான் கூலி. காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கும். நின்றுபோன தறியைத் தாங்குமா?

ஆகவே கேட்கிறோம்: பிள்ளையார்பாளையத் தெருக்களுக்கே இரத்தப் பரிசோதனை வரட்டும். ஆபத்துள்ளவர் பெயரைப் பதிந்து, ஆறு மாதத்துக்கொருமுறை அழைத்து, ஸ்கேன் பார்க்கட்டும். அந்த நாளின் கூலியை இருவருக்கும் அரசு ஈடுகட்டட்டும். இல்லாவிட்டால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கட்டட்டும். கிளைத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மஞ்சள்காமாலை கண்டவர், ஈரல் நோயால் ஒருவரை இழந்த வீட்டார் யார் யார் என்று உங்கள் தெருவுக்கே தெரியும். இந்த வாரமே அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.