ஓட்டும் சுகம் யாருக்கு?

"மில்லுக்குப் போய்வரவும், வீட்டுக் காரியங்களுக்கும் ஒரு கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஓட்டுவதற்கும் கொஞ்சம் சுகமாக இருக்கவேண்டும். எதை வாங்குவது?"

பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?" என்றார் ஒருவர். "சுகமாம், சுகம்! போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்றார் இன்னொருவர்.

நாம் சிரிக்கவில்லை. அவருடைய நிலைமையைக் கேட்டோம். இரண்டாவது ஷிப்டு முடியும்போது நள்ளிரவு. அவருடைய ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பதரை மணிக்கே போய்விடுகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தை மழையிலும் பனியிலும் மோட்டார் சைக்கிளில் கடக்கிறார். வயதான தாயாரை மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். அந்த அம்மாளால் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார முடியாது. இப்போது மகனும் சம்பாதிக்கிறான். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் இந்த யோசனைக்கு வந்திருக்கிறார். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

சுகம் என்று கேட்டாரே, அதுவும் தவறா? நாளெல்லாம் எட்டு மணி நேரம் இயந்திரம் அவரை ஓட்டுகிறது. போகவரச் சிறிது நேரம் ஒரு இயந்திரத்தை அவர் ஓட்டப்போகிறார். அந்தச் சிறிது நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தால் யாருடைய குடி முழுகிவிடும்? உழைப்பவனுக்குச் சோறு போதும், ருசி எதற்கு என்று சொல்லும் பேச்சு நமக்குப் பழக்கமானதுதான். அந்தப் பேச்சை நம்மவர்களே பேசக்கூடாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சுகம் வேண்டும் என்று கேட்பவனிடம் சுகம் என்று சொல்லி வேறொன்றை விற்றுவிடுகிறார்கள். ஆகவே சுகம் என்பது என்ன என்று முதலில் தீர்மானித்துக்கொள்வோம்.

இதற்குப் பெரிய சாஸ்திரம் எதுவும் வேண்டாம். மாட்டு வண்டியைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். பார வண்டியை ஓட்டுவது சுகம் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? ரேக்ளா வண்டிக்கு அல்லவா ஊரே கூடுகிறது! ரேக்ளாவில் என்ன இருக்கிறது? இரண்டு சக்கரம், உட்கார ஒரு சட்டம். கனம் இல்லை. கயிற்றைச் சுண்டினால் திரும்புகிறது, இழுத்தால் நிற்கிறது. மாட்டின் ஒவ்வொரு அடியும் ஓட்டுபவன் கைக்குத் தெரிகிறது. காரிலும் கணக்கு இதுதான். கனம் குறைந்த வண்டி சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் நிற்கும், சொன்னபடி திரும்பும். கை சொல்வது சக்கரத்துக்கும், சக்கரம் சொல்வது கைக்கும் தெரியவேண்டும். ஓட்டும் சுகம் அதில்தான் இருக்கிறது.

நம் தோழர் கார் விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே அவருக்குக் காட்டியது என்ன? ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வண்டி. பெரிய சக்கரம், பெரிய திரை, மேலே கண்ணாடிக் கூரை. "இதில் உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும்" என்றாராம் விற்பனையாளர். அந்த வண்டியின் பலம் எங்கே பயன்படும்? மில் வாசல் நெரிசலிலா? சந்தைத் தெருவிலா? ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்த இடம் தேடும்போதா? நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாத பாதையில் அந்த எஞ்சின் பாதி தூக்கத்தில்தான் ஓடும். ஆனால் அதற்குப் போடும் பெட்ரோல் தூங்காது. கட்டும் வட்டியும் தூங்காது.

சிறிய வண்டி என்றால் ஏழைக்கு இட்ட பிச்சை, அதில் சுகம் ஏது என்று நினைப்பவர்களுக்கு ஐரோப்பாவின் அனுபவத்தைச் சொல்லவேண்டும்.

1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்னை எழுந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து பங்கீடு ஏற்பட்டது. குறைந்த பெட்ரோலில் நாலு பேர் போகக்கூடிய கார் அவசரமாகத் தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்ற எஞ்சினியர் அந்த வேலையை ஏற்றார். 1959-ல் அவருடைய 'மினி' கார் வெளிவந்தது. அதன் நீளம் சுமார் பத்து அடிதான். எஞ்சின் 848 சி.சி.; 34 குதிரை சக்தி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே பொருத்தினார். முன் சக்கரங்களே வண்டியை இழுத்தன. சக்கரமோ பத்து அங்குலம்! இப்படி மிச்சப்படுத்திய இடமெல்லாம் மனிதர்கள் உட்காரக் கிடைத்தது. விலை 500 பவுனுக்கும் குறைவு.

சிக்கனத்துக்காகச் செய்த அந்தக் கார்தான் ஓட்டுவதற்கு மிகவும் சுகமான கார் என்று பெயர் வாங்கியது. சக்கரங்கள் வண்டியின் நாலு மூலைகளிலும் இருந்தன, கனம் குறைவு, திருப்பத்தில் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மினியின் எஞ்சினைக் கொஞ்சம் பெரிதாக்கிய கூப்பர் வண்டிகள் 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருஷங்களிலும் மான்டே கார்லோ பந்தயத்தில் முதலாவதாக வந்தன. தங்களைவிடப் பலமான எஞ்சின் கொண்ட கார்களை மலைப் பாதையில் அவை பின்னுக்குத் தள்ளின. 2000-ம் வருஷம் உற்பத்தி நிற்கும்வரை 53 லட்சத்துக்கு மேற்பட்ட மினிகள் செய்யப்பட்டன.

பிரான்ஸில் நடந்தது இன்னும் சுவையானது. சித்ரோவன் கம்பெனியின் தலைவர் பியர் பூலான்ஜே 1930-களில் தம் எஞ்சினியர்களிடம் ஒரு விவசாயியின் கார் வேண்டும் என்று கேட்டார். ஐம்பது கிலோ உருளைக்கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும். உழுத வயலில் ஓடினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது. இதுதான் அவர் போட்ட நிபந்தனை. யுத்தம் குறுக்கிட்டதால் 1948-ல்தான் அந்தக் கார் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. பெயர் '2சிவி'. எஞ்சின் 375 சி.சி.; ஒன்பதே குதிரை சக்தி. பத்திரிகைக்காரர்கள் தகர டப்பா என்று கேலி செய்தார்கள். ஜனங்களோ வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 1990 வரை 38 லட்சத்துக்கு மேல் தயாரானது. கேலி செய்தவர்களுக்குத் தெரியாத சுகம் ஒன்று, முட்டைக் கூடையோடு சந்தைக்குப் போனவளுக்குத் தெரிந்திருந்தது!

மூன்றாவது கதை கசப்பானது. அதையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

1938-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி, "தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் கார்" என்று முழங்கியது. விலை 990 மார்க். வாரத்துக்கு ஐந்து மார்க் வீதம் ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வரவேண்டும். அட்டைகள் நிரம்பினால் கார் வரும் என்றார்கள். கிட்டத்தட்ட நாலு வருஷச் சேமிப்பு! 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் இதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கார் கிடைக்கவில்லை. யுத்தம் வந்தது. தொழிற்சாலை ராணுவ வண்டிகளைச் செய்தது. பிற நாடுகளிலிருந்து பிடித்துவந்தவர்களை அங்கே கட்டாய வேலை வாங்கினார்கள். யுத்தம் முடிந்தபின் ஸ்டாம்பு ஒட்டியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1961-ல்தான் சமரசம் ஏற்பட்டது. புதிய ஃபோக்ஸ்வாகன் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. வேண்டாம் என்றால் ரொக்கமாக 100 மார்க். இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

இந்தக் கதை இப்போது எதற்கு? அன்று பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு காரைக் கொடுக்கவில்லை. இன்று காரை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தை வருஷக்கணக்கில் வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம், மாதா மாதம் கட்டும் சிறு தொகையைக் காட்டி, மொத்தத் தொகையை மறக்கச் செய்யும் தந்திரம் ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். பெரிய வண்டிக்கு ஆறு லட்சம் கடன். ஏழு வருஷத் தவணை. மாதம் சுமார் 9,960 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 8 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேல். வட்டி மட்டும் சுமார் 2 லட்சத்து 36 ஆயிரம். சிறிய வண்டிக்கு மூன்று லட்சம் கடன். ஐந்து வருஷத் தவணை. மாதம் சுமார் 6,375 ரூபாய். வட்டி சுமார் 82 ஆயிரம். கடன் இரண்டு மடங்கு. வட்டியோ மூன்று மடங்குக்குக் கிட்டே! மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் இது தெரியுமா? ஏழு வருஷத்தில் ஒரு மாதம் மில் மூடிக் கிடந்தாலும் தவணை நிற்காது. தவணை தவறிவிடுமோ என்ற பயத்தோடு ஓட்டும் வண்டியில் என்ன சுகம்?

ஆகவே நம் தோழருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான்.

ஒன்று: உங்கள் பாதையில் உங்கள் நேரத்தில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் காட்டும் அகலமான சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் தெரு முனையில் ஒரே வெட்டில் திரும்புகிறதா? கிளட்ச் காலை வலிக்கச் செய்கிறதா? இரவில் வெளிச்சம் போதுமா? தாயாரை உட்கார வைத்துப் பாருங்கள். குனியாமல், ஏறித் தவிக்காமல் உட்காருகிறாரா? ஒரு அரிசி மூட்டை பின்னால் போகிறதா?

இரண்டு: சக்கரத்தைப் பாருங்கள். பெரிய சக்கரம் பார்வைக்கு மிடுக்கு. டயர் மாற்றும்போது பணம் பறக்கும். சின்னச் சக்கரமும் உயரமான டயரும் உள்ள வண்டி பள்ளத்தைத் தாங்கும்.

மூன்று: குறுகிய ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் கரிப்புகையை வடிகட்டும் சாதனம் இருக்கிறது. சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். சந்தைக்கும் கடைக்கும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலே போதும். மின்சாரக் கார் கிளம்பும் வேகத்தில் எதற்கும் குறைந்ததல்ல. தினமும் ஒரே தூரம் போகிறவருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வீட்டு வாசலில் மின் இணைப்பு வேண்டும். வாடகை வீட்டில் அதை யோசிக்கவேண்டும்.

நான்கு: உயிர் முக்கியம். பெரிய வண்டியோடு மோதினால் சின்ன வண்டிக்குத்தான் அடி அதிகம். இதை மறைத்துப் பேசுவது தவறு. ஆகவே பழைய வண்டி வாங்குவதானாலும் 2019 ஜூலைக்குப் பின் தயாரானதாகப் பாருங்கள். அதிலிருந்துதான் ஓட்டுபவருக்குக் காற்றுப் பை எல்லாக் கார்களிலும் கட்டாயமாயிற்று. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய்க் கதவின் அடியில் துருவும், எண்ணெயும், பிரேக்கும் பாருங்கள். இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு மட்டும் ஓட்டாதீர்கள்.

இவ்வளவும் ஒரு குடும்பம் செய்யக்கூடியது. ஊர் செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் இன்று விற்கும் பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் உயரமான பெரிய வகைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் ஷிப்டு விடும் நள்ளிரவில் ஒரு பஸ் இருந்தால், கார் வாங்க வழியில்லாத நூறு பேரும் நனையாமல் வீடு போய்ச் சேருவார்கள் அல்லவா? கார் வாங்கிய பிறகும் அந்த பஸ்ஸைக் கேட்பதை நாம் விட்டுவிடக்கூடாது. நம் தோழரிடம் இதையும் சொன்னோம். "மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது" என்றார்.

அவர் இன்னும் கார் வாங்கவில்லை. போன ஞாயிறன்று ஒரு பழைய சின்னக் காரை ஏரிக்கரை வளைவில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். "சொன்னபடி கேட்கிறது!" என்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பை அன்று சிரித்தவர்களும் பார்த்தார்கள்.

நம் கைக்கு அடங்கும் வண்டி. வட்டிக்காரன் கைக்கு நம்மை அடக்காத வண்டி. ஓட்டும் சுகம் அதில்தான் இருக்கிறது. அந்தச் சுகத்தைக் கேட்க உழைப்பவனுக்கு முழு உரிமை உண்டு.