மாரடைப்பு மாத்திரையை வீட்டில் வாங்கி வைக்கலாமா?

"அப்பாவுக்கு 61 வயது. சம்பா நடவுக்கு நாற்றுமுடி சுமந்தபோது நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டியது. வாயு என்று சோடா கொடுத்து உட்கார வைத்தோம், சரியாகிவிட்டது. சுகாதார நிலையத்தில் மாரடைப்புக்கு மாத்திரை தருகிறார்களாமே, வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?"
- ஒரத்தநாடு வட்டார வாசகர்

மாத்திரை இருக்கட்டும், முதலில் அப்பாவை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வலி விட்டது சோடாவால் அல்ல, உட்கார்ந்ததால் இருக்கலாம். சுமக்கும்போது அழுத்தி, உட்கார்ந்தால் விடுகிற வலி, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். வலி இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இது தெரியாமலும் போகும். அதனால் வயலில் நடந்ததை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். மறுபடியும் வலித்தால் வரப்பில் நடக்க வைக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்தும் கொண்டுபோகாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது, தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரைகள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இருக்கும். ரத்தக்கட்டி மேலும் பெருக்காமல் தடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்க உதவும். அடைப்பை அங்கேதான் நீக்க முடியும்.

வீட்டில் வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம், பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது இதன் அறிகுறிகள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலும் இப்படித்தான், வெடித்து ரத்தம் கசிந்தாலும் இப்படித்தான். ஸ்கேன் எடுக்காமல் எது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால், பதற்றத்தில் நீங்கள் கொடுக்கும் ஆஸ்பிரினே கசிவை அதிகமாக்கிவிடும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் போய்விடும். (விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள்.)

அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். உங்கள் பக்கத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, நடவு வேலையில் மாத்திரையை விட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.