சிங்கத்தின் கோட்டையில் ஓர் எலி

மழைக்காலத்து ஞாயிறு என்றால் புனேக்காரர்களுக்கு சிம்ஹகட். நகரிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். நடந்து ஏறுகிறவர்கள், பைக்கில் பறக்கிறவர்கள், ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லோரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்வது ஒன்றுதான். பிட்லா-பாக்ரியும் வெங்காய பஜ்ஜியும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, மண் குடுவையில் உறைந்த தயிரை வழித்துச் சாப்பிடுவது. 1670ல் தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை என்று பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். காலுக்கடியில், புல்தரையில் வளை தோண்டிக் குடியிருக்கும் இன்னொரு பிரஜையை யாரும் விசாரிப்பதில்லை.

அது ஓர் எலி. விஞ்ஞானப் பெயர் மில்லார்டியா கொண்டானா. கொண்டானா என்பது இந்தக் கோட்டையின் பழைய பெயர். கோட்டை சிங்கத்தை எடுத்துக்கொண்டது. கழற்றிப் போட்ட பெயர் எலிக்கு வந்து சேர்ந்தது. மிருதுவான ரோமம் கொண்ட பிராணி. பகலில் வளை, இரவில் நடமாட்டம். முதலில் கிடைத்தது இங்கேதான். வெகுகாலம் வேறெங்கும் இருப்பதாகத் தகவலே இல்லை. கோட்டையின் மேல்தளம் சுமார் 1,270 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். ஓர் உயிரினத்தின் சாம்ராஜ்யம் ஒரு கிராமத்துப் புறம்போக்கு அளவுக்குள் அடங்கியிருந்தது.

இதைத் தனி இனமாக 1975ல் விவரித்தவர்கள் ஏ.சி. மிஸ்ரா, வி. தாண்டா என்ற இருவர். இருவரும் மியூசியத்துக்காரர்கள் அல்ல. புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கூட்டோடு 1952ல் தொடங்கிய அந்த மையம்தான் இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். கொரோனா காலத்தில் தினம் ஒருமுறையாவது பெயரைக் கேட்டிருப்பீர்கள். வைரஸ்காரர்களுக்கு எலியோடு என்ன வேலை? 1957ல் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்து, கியாசனூர் காட்டு நோய் மனிதர்களைத் தாக்கியபோது பதில் தெரிந்தது. நோயைப் பரப்புவது உண்ணி. உண்ணி தொற்றிக்கொள்வது எலி, அணில் போன்ற சிறு பிராணிகளின் மேல். எது எந்த எலி என்று சொல்லத் தெரியாவிட்டால் ஆராய்ச்சி முதல் படியிலேயே நின்றுவிடும்.

சொல்வது சுலபமும் அல்ல. வாலின் நீளம், பின்னங்கால் அடியில் உள்ள மெத்தைகளின் எண்ணிக்கை, முலைக்காம்புகள், மண்டையோடு, கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளம் என்று பொறுமையாகப் பார்க்கவேண்டிய வேலை. இதில் நம் விவசாயிகள் நகரத்துக்காரர்களை விட எவ்வளவோ மேல். கரம்பை எலி, வெள்ளெலி, புல் எலி, வயல் சுண்டெலி என்று வளையையும் கடித்த கதிரையும் பார்த்தே பிரிப்பார்கள். அவர்களிடம் வசவு வாங்கும் புல் எலிதான் கொண்டானா எலிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். நமக்கோ எல்லாம் எலி. மூஞ்சூறைக்கூட அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். பாவம், அது கொறிக்கும் இனமே அல்ல. பூச்சி தின்னும் வேறு குலம்.

நாம் மட்டுமா? 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் நினைத்தது. அதன் ஐந்தாம் அட்டவணை தீங்கு செய்யும் பிராணிகளுக்கானது. காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு 'சுண்டெலிகள்', 'எலிகள்' என்று ஒரே வார்த்தையில் மொத்த வம்சத்தையும் அதில் தள்ளியிருந்தார்கள். எந்த எலி என்ற கேள்வியே இல்லை. ஒருபக்கம் சர்வதேச சிவப்புப் பட்டியல் அழியும் ஆபத்தில் உள்ளது என்றது. மறுபக்கம் நம் சட்டம் இஷ்டம்போல் கொல்லலாம் என்றது. 2022ன் திருத்தச் சட்டம்தான் அந்த அட்டவணையை எடுத்தது. 50 வருடம்! புலிக்கு இப்படி நடந்திருந்தால் நாடாளுமன்றம் ஸ்தம்பித்திருக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதை மராட்டியர் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். சேலம் மாவட்டத்துக் குரும்பப்பட்டியிலிருந்து 1940களில் விவரிக்கப்பட்ட எல்விரா எலியின் கதை இதைவிடக் கவலைக்கிடம். சிவப்புப் பட்டியலில் அதற்குக் கிடைத்திருப்பது மிக உச்ச ஆபத்துக்கான வகை. விவரித்தவர் சர் ஜான் எல்லர்மன், பிரிட்டனின் கப்பல் கம்பெனிக் கோடீஸ்வரர். அவ்வளவு பணத்தையும் வைத்துக்கொண்டு எலிகளைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதிய மனிதர். சேலத்தில் எத்தனை பேருக்கு இந்த எலியைத் தெரியும்? தெற்காசியாவின் சிறு பாலூட்டிகளைப் பற்றி 2005ல் கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் நிறுவனம் விரிவான அறிக்கை வெளியிட்டது. யானை, புலி படம் போடும் காலண்டர்களில் அந்தப் பிராணிகளுக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சிம்ஹகட் எலிக்கு எதிரி வேட்டைக்காரன் அல்ல, கூட்டம். ஆடு மாடு மேய்ந்து புல் குறைகிறது, செடி கொடி அழிகிறது, உல்லாசப் பயணிகள் மேட்டை மிதித்துத் தள்ளுகிறார்கள். என் பயம் வேறு ஒன்றும் உண்டு. மிச்சம் மீதியைத் தேடி ஊர் எலிகள் வரும். அவற்றுக்கு யாராவது விஷ உருண்டை வைப்பார்கள். விஷத்துக்குப் பல்லை எண்ணிப் பார்க்கத் தெரியாது. கூண்டு வைத்துப் பிடித்து, அளந்து, எழுதிக்கொண்டு, திரும்ப விடுகிற அலுப்பான கணக்கெடுப்பை வருடா வருடம் செய்தால் இருப்பு எவ்வளவு என்றாவது தெரியும். அதற்கு ஒரு புலியின் கழுத்தில் மாட்டும் ரேடியோ பட்டைக்கான செலவுகூட ஆகாது என்று நினைக்கிறேன்.

சென்ற முறை போனபோது, தயிர் விற்ற அம்மாளிடம் என் அரைகுறை மராத்தியில் கேட்டேன்: "மாவ்ஷி, இங்கே உந்தீர் உண்டா?"

சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்: "எலிதானே? ராத்திரி வா. வேண்டியமட்டும் பிடித்துக்கொண்டு போ."