மூத்திரத்தில் போய்விடுமாம்!

போன வாரம் அத்தையை எம்.ஆர்.ஐ. எடுக்க நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட வந்த பையனிடம், "என்ன மருந்து மக்கா?" என்று கேட்டாள் அத்தை. "வெறும் கலர் மருந்துதாம்மா. நல்லா தண்ணி குடிங்க, நாளைக்குள்ள எல்லாம் மூத்திரத்துல போயிரும்" என்றான். பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது கடோலினியம் என்ற உலோகம். தனியாக ரத்தத்தில் கலந்தால் நஞ்சு. அதனால்தான் வேறொரு மூலக்கூறுக்குள் பூட்டி ஏற்றுகிறார்கள். பெரும்பகுதி வெளியேறும், முழுவதும் அல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடம்பில் தங்குகிறது என்று 2017-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது. பூட்டு தளர்ந்த 'லீனியர்' வகைகளில் சிலவற்றை ஐரோப்பா அதே ஆண்டு நிறுத்தியது. தங்கியதால் கெடுதல் என்று நிரூபணம் இல்லையே என்பார்கள். அதற்காகத் தங்கவே இல்லை என்று சொல்லலாமா?

தோரோட்ராஸ்டை மறந்துவிட்டோம். 1930களில் வந்த தோரியச் சாயம். எக்ஸ்ரே படம் பளிச்சென்று விழுந்தது, ஊசி போட்ட அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது கல்லீரலிலும் மண்ணீரலிலும் குடியேறி, ஆயுள் முழுக்கக் கதிரைக் கக்கியது. இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வந்தது. ஊசி போட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

தோரியம் நமக்கு அன்னியமா? 1909-இல் ஒரு ஜெர்மன்காரர் நம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டதே அதற்காகத்தான். கடோலினியமும் மோனசைட்டில் உண்டு. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் மணல் அள்ளத் திட்டம் போட்டபோதும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்! கடற்கரையில் சொன்னாலும் ஸ்கேன் அறையில் சொன்னாலும் தோரோட்ராஸ்ட்தான் என் நினைவுக்கு வருகிறது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த ஊசியால் தோல் பலகைபோல் இறுகி மூட்டு மடங்காமல் போவது 2006-லேயே தெரியவந்தது. அத்தைக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்தீர்களா என்று நான் கேட்ட பிறகுதான் ஃபைலைப் புரட்டினார்கள். சம்மதப் படிவம் முழுக்க இங்கிலீஷ். ஐந்தாம் வகுப்பு படித்த அத்தை கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஊசி தேவைப்பட்டது, போட்டோம். பூட்டு இறுகிய 'மேக்ரோசைக்ளிக்' வகையும் இருக்கிறதே, போட்டது எது? ரிப்போர்ட்டில் 'கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயரும் அளவும் எழுதாமல் வாங்கமாட்டேன் என்று கவுண்டரிலேயே நின்றேன். அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து காலிக் குப்பி வந்தது. அதைப் பார்த்து, ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தாள் கவுண்டரில் இருந்த பெண்.