துண்டுக் கடிதம் உறுதியாகாது



முத்திரை ஒட்டிய தாளில் தலைவரும் கையெழுத்துப் போட்டால் வீடு கைமாறிவிட்டதாக நம்மில் பலர் நம்புகிறார்கள். மாறாது. காணியோ வீடோ விற்பதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கூடியிருக்கக் கையெழுத்தாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்குத்தான் விலக்கு. உறுதி முடிந்ததும் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பிந்தினால், அதே காணியைப் பிறகு வாங்கியவர் முந்திப் பதிந்துகொள்ளலாம்.

லயத்துக் காம்பரா வேறு கதை. பெரும்பாலான தோட்டங்களில் நிலம் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. மூன்று தலைமுறை குடியிருந்தும் நம்மிடம் உறுதி இல்லை. அந்த அநியாயத்துக்கு எதிராகத்தான் போராடுகிறோம். ஆனால் இன்றைக்கு அதை விற்க யாராலும் முடியாது. சேமலாப நிதிக் காசை எண்ணிக் கொடுக்குமுன், விற்பவரின் உறுதியைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வந்து காட்டுங்கள்.