பாராமெடிக்கல் படிக்க அனாட்டமி எதுக்கு? முதல் வருடத்திலேயே பதில் சொல்லுங்க!

"நான் டயாலிசிஸ் டெக்னீசியன் ஆகப்போறேன். எனக்கு எதுக்கு 206 எலும்போட பேரும்?" பாராமெடிக்கல் படிப்பில் சேரும் பலரும் முதல் வருடத்தில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "சிலபஸ்ல இருக்கு, படி."

இந்தப் பதில்தான் பிரச்சினை. உடலில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வது அனாட்டமி. அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது பிசியாலஜி. வார்டில் இவை எங்கே கைகொடுக்கும் என்று சொல்லாமலே பாடம் நடத்தினால், மாணவருக்கு மிஞ்சுவது பெயர்ப் பட்டியல் மட்டும்தான்.

வேலையில் எங்கே வரும்?

லேப்: நம் உடலில் பொட்டாசியம் பெரும்பாலும் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்த சீரத்தில் இருப்பதைப்போல கிட்டத்தட்ட 30 மடங்கு அளவு அங்கே உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். ரிப்போர்ட்டில் அளவு எகிறும். நோயாளிக்கு இல்லாத பிரச்சினைக்கு சிகிச்சை ஆரம்பமாகலாம். சாம்பிளைப் பார்த்ததும் "இன்னொரு தடவை எடுக்கணும்" என்று சொல்ல வேண்டியவர் லேப் டெக்னீசியன்.

டயாலிசிஸ்: ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி பார்க்கக் கூடாது என்பது விதி. ஏன்? அங்கே தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். தமனியின் அழுத்தத்தோடு ரத்தம் பாய்வதால் சிரை விரிந்து, சுவரும் தடித்து, திரும்பத் திரும்ப ஊசி போடத் தாங்கும். பிபி பட்டையால் இறுக்கினால் ஓட்டம் நின்று ரத்தம் உறையலாம். அந்த ஃபிஸ்டுலா போனால், நோயாளி மறுபடி ஆபரேஷனுக்குப் போக வேண்டி வரலாம்.

மயக்க மருந்துப் பிரிவு: மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை அகலமாகவும் நேராகவும் இருக்கும். செயற்கை சுவாச டியூப் கொஞ்சம் அதிகமாக இறங்கினால், பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும். இடது நுரையீரலுக்குக் காற்று போகாது. இது தெரிந்தவருக்குத்தான் எந்தப் பக்கம் கவனிக்க வேண்டும் என்று புரியும்.

"டாக்டர் சொல்றதைச் செஞ்சா போதாதா?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். இந்த மூன்று இடங்களிலும் தப்பு நடப்பதை முதலில் பார்க்கக்கூடியவர், பக்கத்திலேயே நிற்கும் டெக்னீசியன்.

மொழி என்கிற சுவர்

ப்ளஸ் டூ வரை சிறுநீரகம், நுரையீரல், தமனி என்று தமிழில் படித்தவருக்கு, கல்லூரியில் எல்லாமே திடீரென ஆங்கிலமாகிவிடுகிறது. புரிந்துகொள்ளும் திறமை இருந்தும் அரியர் விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பெயர்களைத் தமிழில் மாற்றச் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டும் மெஷினும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால், விளக்கம் தமிழில் இருக்கலாமே? 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில், சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் மேற்கத்திய மருத்துவத்தையே தமிழில் சொல்லிக்கொடுத்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். இன்று ஒரு சிறுநீரகப் பாடத்தைத் தமிழில் விளக்குவதா பெரிய கஷ்டம்?

ஆங்கிலப் பெயர்களையும் பிரித்துச் சொன்னால் பாதி பயம் போய்விடும். 'ஹைப்பர்கலீமியா' - ஹைப்பர் என்றால் அதிகம், கலியம் என்றால் பொட்டாசியம், எமியா என்றால் ரத்தத்தில். வேதியியலில் பொட்டாசியத்தின் குறியீடு 'கே' ஆனதும் இந்தக் கலியத்தால்தான். இப்போ 'ஹைப்போகலீமியா' என்றால் என்னவென்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

என்ன மாற வேண்டும்?

துணை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. துணை மருத்துவப் பணியாளர் ஆகக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது அது. அந்த நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதையும் கல்லூரிகள் யோசிக்க வேண்டும். எம்பிபிஎஸ் பாடத்தைச் சுருக்கி நடத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாடத்தையும் அந்தத் துறையின் வேலையிலிருந்து தொடங்கலாம். வைவாவில் "பெயர் சொல்லு" என்பதோடு "இது தெரியலைன்னா நோயாளிக்கு என்ன ஆகும்?" என்றும் கேட்கலாம்.

கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று படிக்கும் பக்கத்தின் ஓரத்தில் அந்தக் கடைசிக் கேள்வியை எழுதி, பதிலைத் தமிழிலேயே இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பதில் வரவில்லையா? நாளைக்கு வகுப்பில் கையைத் தூக்கிக் கேளுங்கள்.